எண்ணெய் தடவிய பைப்

மனிதன் எதற்கெல்லாமோ பொறாமைப்படுவான். நிலத்துக்கு, நகைக்கு, அடுத்த வீட்டுப் பிள்ளையின் மார்க்குக்கு. நான் ஒரு வாசனைக்குப் பொறாமைப்பட்டேன். என் சகலையின் வாயிலிருந்து வந்த புகையின் வாசனைக்கு. இப்போது எழுதும்போது சிரிப்பாகத்தான் இருக்கிறது. அன்றைக்குத் தீபாவளியில் பற்றிய வயிற்றெரிச்சல் ஆடிப்பூரம் வரைக்கும் அணையவில்லை.

எண்பதுகளின் பிற்பாதி அது. நான் ராஜபாளையத்தில் ஒரு நூற்பு மில்லில் வேலை பார்த்தேன். லேபில், பரிசோதனை அறையில், உட்கார்ந்து நூலின் கவுன்ட், அதாவது பருமன், பார்க்கும் வேலை. பஞ்சு பறக்கிற இடம் என்பதால் தீப்பெட்டியைக் கேட்டிலேயே வாட்ச்மேனிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். எட்டு மணி நேரம் அடக்கி வைத்திருந்து, ஷிப்ட் முடிந்ததும் எதிர்த்த டீக்கடையில் நின்று இரண்டு சிகரெட்டை அடுத்தடுத்து இழுத்துத் தள்ளுவேன். ருசித்துப் பிடித்தேன் என்று சொல்ல முடியாது. பசித்தவன் சோற்றை அள்ளிப் போடுகிற மாதிரிதான்.

மாமனார் வீடு ஸ்ரீவில்லிபுத்தூர். பஸ் ஏறினால் அரை மணி நேரம். தேர் ஓடும் வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் மாமனார் இரும்புப் பாத்திரக் கடை வைத்திருந்தார். தோசைக்கல், வாணலி, பணியாரச்சட்டி, அரிவாள்மணை. அவருக்கு இரண்டும் பெண்கள், ஆண்பிள்ளை இல்லை. மூத்தவளைக் கட்டியவன் நான். முதல் நான்கு வருடம் அந்த வீட்டுக்கு நான் ஒருவன்தான் மாப்பிள்ளை. பந்தியில் அவருக்கு வலப்பக்கம் என் இலை. சாப்பிட்டுக் கை கழுவி வந்ததும் இடுப்பிலிருந்து கடைச்சாவியை எடுத்து என் மடியில் போடுவார்.

"மாப்ளே, செத்த நேரம் கடையைப் பாத்துக்கிடுங்க. கண்ணசந்துட்டு வாரேன்" என்பார்.

லீவு நாளில்கூட ஒரு ஷிப்ட்டா என்று மனைவியிடம் முணுமுணுத்துக்கொண்டே போவேன். அந்தக் கடையில் உட்கார்ந்துதான் மாமனாரின் பாடம் எனக்கு மனப்பாடமானது. தோசைக்கல் வாங்குகிற ஒவ்வொருவருக்கும் அவர் அதை ஒப்பிப்பார்: "புதுக்கல்லை உடனே அடுப்புல போடக் கூடாது. அரிசி களைஞ்ச தண்ணியில ஒரு நாள் ஊறப் போடணும். பொறவு மூணு நாளு நல்லெண்ணெய் தடவி வைக்கணும். நாலாவது நாளு வெங்காயத்தை வெட்டித் தேய்க்கணும். பழக்குனாத்தான் கல்லு நம்ம சொல்லு கேக்கும்." அவர் தூங்கப் போன நேரத்தில் இதையே நான் சொல்வேன், அவர் குரலின் ஏற்ற இறக்கத்தோடு. நாளாக ஆக, நான் பக்கத்தில் நின்றால் அவரே என் பக்கம் கையைக் காட்டிவிடுவார்.

நாலு மணிக்கு அவர் திரும்பி வந்ததும் இன்னொரு வசனம் உண்டு. "டீ குடிச்சிட்டு வாங்க மாப்ளே." வீட்டில் டீ இருக்கும். என் மாமியார் போடும் டீயை விட்டுவிட்டு வெளியே போய்க் குடிக்கும்படி அவர் வேறு யாரையும் சொன்னதில்லை. நான் குளத்தங்கரைப் பக்கம் போய் ஒரு சிகரெட் பிடித்துவிட்டு வருவேன். மாமனார் முன்னால் புகைப்பது என்பது எங்கள் பக்கத்தில் நினைத்துப் பார்க்க முடியாத காரியம். திரும்பிக் கடைக்குள் நுழைந்ததும் தராசுக்குப் பக்கத்து அலமாரியில் ஒரு சின்ன டப்பா, அதில் ஏலக்காய். ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொள்வேன். அவர் ஏலக்காய் மெல்ல நான் பார்த்ததில்லை. ஆனால் டப்பா ஒரு நாளும் காலியாக இருந்ததில்லை. அவருக்குத் தெரியும், அவருக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். அதைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஐந்தாவது தீபாவளிக்குச் சகலை வந்து சேர்ந்தார். கொழுந்தியாளுக்குத் தலைதீபாவளி. கோயம்புத்தூருக்கு மேலே மலையில் தேயிலை எஸ்டேட்டில் ஆபீசர். ஆள் என்னைவிட மூன்று வயது இளையவர், ஒரு சாண் உயரம் கூடுதல். ஸ்ரீவில்லிபுத்தூர் புழுக்கத்தில் கையில் ஒரு ஸ்வெட்டர் வேறு. அதை எதற்குக் கொண்டு வந்தார் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. எல்லோரும் பார்க்கட்டும் என்றுதான் இருக்க வேண்டும்.

மத்தியானச் சாப்பாடு முடிந்தது. அவர் பையிலிருந்து ஒரு பைப்பை, புகை பிடிக்கிற மரக்குழாயை, எடுத்தார். ஒரு தோல் பையைப் பிரித்துப் புகையிலையைக் கிள்ளி, அதன் குழியில் மெதுவாக வைத்து, கட்டைவிரலால் அமுக்கினார். நான் பதறிப்போய் மாமனாரைப் பார்த்தேன். இப்போது வெடிக்கும் என்று காத்திருந்தேன். காத்திருந்தேன் என்பதைவிட ஆசைப்பட்டேன் என்று சொல்வதுதான் சரி.

மாமனார் எழுந்து உள்ளே போனார். கூடை நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். தோளில் கிடந்த துண்டால் துடைத்துப் போட்டார். மறுபடி உள்ளே போய், சாம்பல் தட்ட ஒரு பித்தளைத் தட்டு.

"உக்காருங்க மாப்ளே" என்றார்.

சகலை உட்கார்ந்து பற்றவைத்தார். வீடு முழுக்க வாசனை. உலர்ந்த திராட்சையும் வெல்லமும் சேர்ந்து சூடானது மாதிரி. என் மாமியார் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தார். "பால்கோவா கிண்டுறப்ப ஓரத்துல லேசாப் பிடிக்குமே, அந்த வாசம்" என்றார் மாமனார். என் மனைவி, என்னைக் கட்டியவள், என் சட்டையில் சிகரெட் நாற்றம் என்று தினமும் மூக்கைப் பொத்துகிறவள், தங்கையிடம் சொன்னாள்: "அவிய பிடிக்கிறது எம்புட்டு வாசமா இருக்கு!"

நான்கு வருடம் குளத்தங்கரையில் ஒளிந்து ஒளிந்து பிடித்து, ஏலக்காயை மென்று துப்பிய மனிதன் அங்கே தரையில் உட்கார்ந்திருக்கிறேன். யாருக்கும் அது உறைக்கவில்லை. அப்போதுதான் சாவி என் மடியில் வந்து விழுந்தது.

"மாப்ளே, தீபாவளிக் கூட்டம். கடையைச் செத்த திறந்து வைங்க."

ஒருவனுக்கு நாற்காலி, ஒருவனுக்குச் சாவி. வந்து ஒரு நாள் ஆகவில்லை, அவன் ஆபீசர். நான்கு வருடம் ஆகிவிட்டது, நான் கடைப்பையன். இப்படித்தான் அன்று நான் கணக்குப் போட்டேன். வேகாத வெயிலில் சந்துக்குள் நடந்து போனேன். அன்று விற்ற தோசைக்கல் ஒன்றுக்கும் நான் பாடம் சொல்லவில்லை.

மறுநாள் கிளம்பும்போது சகலை என்னிடம் பைப்பைக் காட்டிப் பேசினார். நல்ல மாதிரியாகத்தான் பேசினார், அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. "புதுசா வாங்குனா உடனே பிடிக்க முடியாதுண்ணே. பழக்கணும். பழக்குறதுலதான் இருக்கு எல்லாம்" என்றார். எப்படிப் பழக்க வேண்டும் என்று கேட்டிருக்கலாம். கேட்டால் அவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது என்று ஆகிவிடும். "தெரியும், தெரியும்" என்றேன்.

பொங்கல் கழிந்து மில் வேலையாக மதுரைக்குப் போனபோது ஸ்டேஷன் பக்கத்துக் கடையொன்றில் கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு பைப் கிடந்தன. கடைக்காரர் தூசியை ஊதிவிட்டு எடுத்துக் கொடுத்தார். யாருக்கு என்று கேட்டார். "சகலைக்கு" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. ஒரு பாக்கெட் புகையிலையும் வாங்கினேன். பஸ்ஸில் திருமங்கலம் தாண்டும் வரைக்கும் அதை மூக்கருகே வைத்துக்கொண்டே வந்தேன்.

இனி பழக்க வேண்டும். எனக்குத் தெரிந்த பழக்கம் ஒன்றுதான். அரிசி களைந்த தண்ணீரில் ஊறப் போட்டால் மரம் வெடித்துவிடும் என்கிற அளவுக்குப் புத்தி இருந்தது. அதனால் அந்தப் பாகத்தை விட்டுவிட்டேன். மனைவி தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கப் போகும் நேரம் பார்த்து அடுக்களைக்குள் நுழைந்து, விரலில் நல்லெண்ணெய் தொட்டு, பைப்பின் குழிக்குள் வழிய வழியத் தடவினேன். மூன்று நாள். நூல் கோன் வந்த அட்டைப்பெட்டிக்குள் வைத்துப் பரணில் ஒளித்தேன். நாலாவது நாள் சின்ன வெங்காயம் ஒன்றை வெட்டி, குழிக்குள் விட்டுத் திருகித் தேய்த்தேன். மாமனார் பார்த்திருந்தால் மெச்சியிருப்பார் என்று அப்போது தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மனைவி பக்கத்து வீட்டுக்கு டிவி பார்க்கப் போயிருந்தாள். கொல்லையில் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தேன். மில்லில் கழிவுப் பஞ்சைப் பொதியாக இறுக்குவதைப் பார்த்தவன் அல்லவா, அதே மாதிரி புகையிலையைக் குழிக்குள் திணித்து அமுக்கினேன். உறிஞ்சினால் காற்றே வரவில்லை. பாதியைக் குச்சியால் நோண்டி எடுத்தேன். முதல் தீக்குச்சி அணைந்தது, இரண்டாவதும் அணைந்தது. மூன்றாவதில் பற்றியது. பற்றியது புகையிலை இல்லை, எண்ணெய். சடசடவென்று பொரிந்தது. கறிக்குத் தாளித்துவிட்டு மறந்துபோன சட்டியிலிருந்து வருமே, அந்தப் புகை வந்தது. விடக் கூடாது என்று வேகவேகமாக உறிஞ்சினேன். தண்டு வழியாகச் சூடான கசப்புச் சொட்டு ஒன்று நாக்கின் நடுவில் விழுந்தது. பைப் கையில் பிடிக்க முடியாதபடி கொதித்தது. சிகரெட் பழக்கத்தில் புகையை நெஞ்சுக்குள் இழுத்தேன். அவ்வளவுதான். கொல்லைச் சுவர் மெல்லச் சாய்ந்தது. துவைகல்லைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, காலையில் தின்றதையெல்லாம் வெளியே தள்ளினேன்.

மனைவி ஓடி வந்தாள். "என்னங்க, யாரு வீட்டுலயோ தாளிச்சது கருகுது" என்றாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள். வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். சுக்குத் தண்ணீர் போட்டுக் கொடுத்தாள். வெந்த நாக்கில் அது பட்டதும் கண்ணில் நீர் வந்தது.

புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதைதான். ஆனால் அந்தப் பூனை விடவில்லை. பிறகு ஒவ்வொரு ஞாயிறும் மொபெட்டில் சேத்தூர் போகிற சாலையில் ஒரு கண்மாய்க் கரைக்குப் போனேன். எனக்கு நானே வாத்தியார். அடியில் தளர, மேலே கொஞ்சம் இறுக்கமாக வைக்க வேண்டும் என்பதை ஒரு மாதத்தில் கண்டுபிடித்தேன். முதலில் பற்றவைத்துக் கருகவிட்டு, அமுக்கி, மறுபடி பற்றவைக்க வேண்டும் என்பது அடுத்த மாதம். புகையை விழுங்கக் கூடாது, வாயில் வைத்திருந்து விட்டுவிட வேண்டும் என்பதற்கு இரண்டு மாதம் பிடித்தது. ஒவ்வொரு முறை அணையும்போதும் கூடை நாற்காலியில் சாய்ந்து அணையாமல் பிடித்த அந்த ஆளின் முகம் ஞாபகம் வரும். ஆத்திரத்தில் வேகமாக உறிஞ்சுவேன், நாக்கு வேகும். வைகாசியில் ஒரு சாயங்காலம், யாரையும் நினைக்காமல் தண்ணீரில் முக்குளிப்பான் பறவை மூழ்கி எழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெகு நேரம் கழித்துத்தான் பைப் அணையாமல் இருப்பதைக் கவனித்தேன். அது ஒரு சுகம். எண்ணெய் வாடை அடியில் கொஞ்சம் இருக்கத்தான் செய்தது. மூக்கு அதற்குப் பழகியிருந்தது.

ஆடி பிறந்ததும் மனைவி பரணைச் சுத்தம் செய்யப் போய்ப் பெட்டியைக் கண்டுபிடித்துவிட்டாள். பைப்பை முகர்ந்து பார்த்தாள். சண்டை போடுவாள் என்று நினைத்தேன். போடவில்லை.

"எங்கப்பா முன்னாடி பிடிக்கப் போறீகளா?"

"ஏன், பிடிச்சா என்ன?"

"வேண்டாங்க."

"உன் தங்கச்சி புருசன் பிடிச்சா வாசம், நான் பிடிச்சா நாத்தமோ?"

"அவிய வேற, நீங்க வேற" என்றாள்.

வெந்த புண்ணில் வேல் பாய்ந்தது போல இருந்தது எனக்கு. இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. எந்த வகையில் வேறு என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அதையும் கேட்கவில்லை.

ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். சகலையும் வந்திருந்தார். காலையில் எல்லோரும் போய்த் தேர்வடத்தைத் தொட்டுவிட்டு வந்தோம். மத்தியானம் பந்தி. என் இலை வழக்கம்போல மாமனாருக்கு வலப்பக்கம். அதைக்கூட அன்று நான் கவனிக்கவில்லை, என் கவனமெல்லாம் சட்டைப்பையில். சாப்பிட்டு எழுந்ததும் சகலைக்குக் கூடை நாற்காலி வந்தது, பித்தளைத் தட்டு வந்தது. அவர் பைப்பை எடுத்தார். நானும் எடுத்தேன்.

என் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். நிதானமாகப் புகையிலையை வைத்தேன். அடியில் தளர, மேலே இறுக்கமாக. முதல் குச்சியிலேயே பற்றியது. அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் இத்தனை மாதமும். புகையை வாயில் நிறுத்தி, மெதுவாக விட்டேன். சகலையின் புகையும் என் புகையும் கூடத்தின் நடுவில் கலந்தன.

மாமனாரின் மூக்கு லேசாகச் சுருங்கியது. ஒரு முறை முகர்ந்தார். இன்னொரு முறை முகர்ந்தார்.

"நல்லெண்ணெய் வாசம் வருதே" என்றார்.

பைப்பை வாயிலிருந்து எடுத்தேன்.

"மூணு நாளு தடவினீங்களா?"

தலையை ஆட்டினேன்.

"வெங்காயமும் தேச்சீங்களோ?"

முதலில் சிரித்தது கொழுந்தியாள். அப்புறம் மாமியார் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். சகலைக்குச் சிரிப்பில் புரையேறி, பைப்பைத் தட்டில் வைத்துவிட்டு நெஞ்சைத் தட்டிக்கொண்டார். என் காது மடல்கள் சுட்டன. சிரிக்காதவர்கள் இரண்டு பேர். ஒருத்தி என் மனைவி. இன்னொருவர் மாமனார்.

அவர் எழுந்து உள்ளே போனார். ஒரு மடக்கு நாற்காலியை எடுத்துக்கொண்டு வந்தார். விரித்து, துண்டால் துடைத்து, சகலைக்குப் பக்கத்தில் போட்டார். மறுபடி போய் இன்னொரு பித்தளைத் தட்டு கொண்டு வந்தார்.

"உக்காருங்க மாப்ளே" என்றார்.

கோபமில்லாத குரல். சகலையிடம் பேசுகிற அதே குரல். உட்கார்ந்தேன். கிடைத்துவிட்டது, நான் வயிறெரிந்து கேட்டது அத்தனையும். பிறகு அவர் இடுப்பைத் தடவிச் சாவியை எடுத்தார். பழக்கத்தில் என் மடி தானாக விரிந்தது. அவர் சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு செருப்பை மாட்டினார்.

"மாமா, நான் போறேன். நீங்க படுங்க" என்று எழுந்தேன்.

"இருக்கட்டும். நீங்க பிடிச்சு முடிங்க" என்று சொல்லிவிட்டு வெயிலில் இறங்கிப் போனார்.

நானும் சகலையும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். பெண்கள் உள்ளே போய்விட்டார்கள். என் பைப் அணைந்திருந்தது. சகலை தன் பைப்பின் சாம்பலைத் தட்டில் கொட்டிவிட்டுக் கேட்டார்.

"அண்ணே, அந்தக் கடை உள்ள எப்படி இருக்கும்?"

"ஏன், நீங்க போனதில்லையா?"

"ஒரு தடவகூட வாங்கன்னு சொன்னதில்லண்ணே. தீபாவளிக்கு உங்க மடியில அவரு சாவியைப் போட்டப்ப பார்த்துக்கிட்டுதான் இருந்தேன். எனக்கு வந்து விழுந்ததெல்லாம் இந்தத் தட்டுதான்."

அவர் சாதாரணமாகச் சொல்வது போலத்தான் சொன்னார். ஆனால் அந்தக் குரலை எனக்குத் தெரியும். கண்மாய்க் கரையில் இத்தனை நாள் எனக்குள் கேட்ட குரல் அது. உள்ளதும் போச்சே நொள்ளைக்கண்ணா என்று மனம் அடித்துக்கொண்டது. பைப்பைத் தட்டிலேயே விட்டுவிட்டுக் கடைக்கு ஓடினேன்.

தேர் பார்க்க வந்த கூட்டம் சந்து வரைக்கும் நெரிந்தது. மாமனார் தராசுக்குப் பின்னால் தூக்கக் கலக்கத்தோடு நின்றுகொண்டிருந்தார். பக்கத்து ஊரான வ. புதுப்பட்டியிலிருந்து வந்த ஒரு அம்மாள் தோசைக்கல்லைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இதை எப்படிப்பா பழக்கணும்?" என்று கேட்டாள். அந்த இடத்தில் அவர் வழக்கமாக என் பக்கம் கையைக் காட்டுவார், "எங்க மூத்த மாப்ள சொல்லுவாக" என்பார். அன்று அவரே முழுவதும் சொன்னார். ஊறப் போடுவது, எண்ணெய், வெங்காயம், எல்லாம். நான் கடைக்கு வெளியே படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவருக்குப் பின்னால் அலமாரியில் ஏலக்காய் டப்பா அதன் இடத்திலேயே இருந்தது. கைக்கு எட்டாத தூரம்.

அந்த அம்மாள் போனதும் என்னைப் பார்த்தார். உள்ளே வாங்க என்று சொல்வார், சாவியைத் தராவிட்டாலும் இதை எடுங்க, அதைக் கட்டுங்க என்று ஏதாவது வேலை ஏவுவார் என்று காத்திருந்தேன்.

அவர் உள்ளேயிருந்து ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்தார். கடைக்கு வெளியே நிழல் விழுந்த இடமாகப் பார்த்துப் போட்டார். தோளில் கிடந்த துண்டை எடுத்து, அதைத் துடைத்தார்.

"உக்காருங்க மாப்ளே" என்றார்.